சாவியைக் கையில் வாங்குங்கள்!

வெளிநாட்டில் காரை நீங்களே ஓட்டப்போவதாக வீட்டில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அடுத்த நிமிடமே ஆளாளுக்கு ஒரு பூதத்தைக் கிளப்புவார்கள். "அங்கெல்லாம் வலப்பக்கம் ஓட்டணும், தெரியுமா?" என்பார் மாமா. "கண்ணாடியை உடைச்சு பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் பெங்களூரைத் தாண்டியிருக்க மாட்டார். "பேசாம டூர் பஸ்ஸுல போயிட்டு வா" என்று சித்தி பேச்சை முடித்துவைப்பார். நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். அப்புறம் என்ன? விடிகாலையில் வழிகாட்டி ஊதும் விசிலுக்கு எழுந்து, கால் மணி நேரத்தில் ஈஃபில் கோபுரத்தைப் பார்த்து முடித்து, எங்கோ ஒரு ஓட்டலில் பருப்பு சாதத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அந்தத் தலையாட்டலைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பயப்படாதே என்று உங்கள் முதுகில் தட்ட நான் வரவில்லை. பயப்படுங்கள், ஆனால் ஒழுங்காகப் பயப்படுங்கள். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம், பயந்ததற்கு என்ன செய்ய வேண்டும் என்று மூன்றையும் தெரிந்துகொண்டு பயப்படுங்கள். விவரம் இல்லாத பயம் ஆளை வீட்டிலேயே உட்காரவைக்கும். விவரம் தெரிந்த பயம் டயரில் காற்றைச் சரிபார்க்கவைக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், வேலை வேறு.

பிரான்சையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிறவர் அங்கே சுற்றுலா போனால், புத்தம்புதுக் காரை லீசுக்கு எடுக்க ஒரு வழி உண்டு. பிரெஞ்சு நிறுவனமான ரெனால்ட் பல காலமாக நடத்திவரும் திட்டம் இது. சுமார் மூன்று வாரத்தில் தொடங்கி, ஏறக்குறைய ஆறு மாதம் வரை எடுக்கலாம். காகிதக் கணக்கில் இது விற்றுத் திரும்ப வாங்கும் ஏற்பாடு. வண்டியை உங்கள் பெயரிலேயே பதிவு செய்து தருவார்கள். பயணம் முடிந்ததும் முன்பே பேசிய கணக்கில் நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும். காருக்கு முழு இன்சூரன்ஸ் விலையிலேயே அடக்கம். வாடகைக் காரில் கீறல் விழுந்தால் நம் கையிலிருந்து ஒரு பெரிய தொகையைக் கட்டச் சொல்வார்களே, அந்தத் தொல்லை இதில் பொதுவாக இல்லை. இந்தியக் கடவுச்சீட்டில் ஷெங்கன் விசா 180 நாளில் 90 நாள்தான் தங்கவிடும் என்பதால் நமக்கு மூன்று மாதமே உச்சவரம்பு. குடும்பத்தோடு ஒரு மாதம் சுற்ற நினைப்பவருக்கு அது தாராளம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கார்களின் நம்பர் பிளேட் சிவப்பு. உள்ளூர்க்காரர் வண்டியில் வெள்ளை, உங்கள் வண்டியில் சிவப்பு. ஓரத்தில் அது எந்த மாதம், எந்த ஆண்டு காலாவதியாகும் என்பதும் பொறித்திருக்கும். விவரம் தெரிந்த திருடனுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை. உள்ளே வெளியூர்க்காரர், டிக்கியில் பெட்டி, பெட்டியில் கேமராவும் பணமும். சிவப்பு பிளேட் காரையே எடுக்காதீர்கள் என்று பலர் எச்சரிப்பது இதனால்தான். அந்த எச்சரிக்கை முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அதைக் கேட்டுப் பயணத்தையே கைவிடுகிறவர் திருடனுக்கு முன்னால் அவராகவே தோற்றுப்போகிறார்.

திருடன் எப்படி வேலை செய்கிறான் என்று பாருங்கள். மந்திரம் ஒன்றும் இல்லை. பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் ஏ1 நெடுஞ்சாலையில் லாந்தி என்றொரு சுரங்கப்பாதை இருக்கிறது. நெரிசலில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஆள் வந்து கண்ணாடியை உடைத்து, இருக்கையில் கிடக்கும் கைப்பையை இழுத்துக்கொண்டு ஓடுவதற்குப் பெயர்போன இடம் அது. அவன் காரைத் திருட வரவில்லை, உங்களைத் தாக்கவும் வரவில்லை. இருக்கையில் ஒரு பை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறான். பை கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடுத்த காருக்குப் போய்விடுவான். காலடியில் தள்ளிவையுங்கள், இல்லையென்றால் டிக்கியில் போடுங்கள். நான்கு கதவையும் பூட்டுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஸ்பெயினில் இன்னொரு வித்தை. பிரான்ஸ் எல்லையிலிருந்து பார்சிலோனா நோக்கி மத்தியதரைக் கடலோரமாக இறங்கும் நெடுஞ்சாலையில் ஒரு கார் உங்களை ஒட்டி வரும். உள்ளே இருப்பவர் கையை நீட்டி உங்கள் டயரைக் காட்டுவார், முகமெல்லாம் கவலையாக இருக்கும். பாவம், நல்ல மனிதர் என்று நீங்கள் ஓரம் கட்டுவீர்கள். ஒருவர் குனிந்து பின் டயரை உங்களுக்குச் சுட்டிக்காட்டி விளக்குவார். அவரோடு வந்தவர் முன்கதவு வழியாகப் பையை எடுத்துக்கொண்டு போயிருப்பார். வெளிநாட்டுப் பதிவு வண்டிகளும் வாடகை வண்டிகளும்தான் இவர்களுக்குக் குறி என்று பிரிட்டிஷ் அரசின் பயண ஆலோசனையே எச்சரிக்கிறது. மருந்து எளிது: நிறுத்தாதீர்கள். புது கார்களில் டயர் காற்று குறைந்தால் முன்பலகையே விளக்கெரித்துச் சொல்லும். மற்றவர் கைகாட்ட வேண்டியதில்லை. சந்தேகம் தீரவில்லை என்றால் ஆள் நடமாட்டமுள்ள அடுத்த பெட்ரோல் பங்க் வரை மெதுவாகப் போங்கள். போலீஸ் என்று போலி அட்டையைக் காட்டினாலும் இதே பதில்தான்.

மூன்றாவது விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் நம்மவர்கள் கேட்பதில்லை. மலைமுகட்டுக் காட்சி முனைக்கோ கடற்கரைக்கோ போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்தி இறங்கி, அங்கேதான் டிக்கியைத் திறந்து லேப்டாப் பையை உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். அதைத்தான் ஒருவன் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் படம் எடுக்கப் போனதும் அவனுக்குப் பத்து நொடி போதும். ஒளிப்பதை எல்லாம் கிளம்பும் இடத்திலேயே ஒளித்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கியைத் தொடவே கூடாது. விடுதியை மாற்றும் நாளில், வழியில் இருக்கும் கோட்டையைப் பார்க்கப் பெட்டி நிறைந்த காரைத் தனியாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். முதலில் விடுதிக்குப் போய்ப் பெட்டியை இறக்குங்கள். கோட்டை அறுநூறு வருடமாக நிற்கிறது, இன்னும் இரண்டு மணி நேரம் நிற்கும்.

லீஸ் இன்சூரன்ஸ் காரைக் காக்கும். உள்ளே இருக்கும் உங்கள் சாமானுக்கு அது பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீட்டில் மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும் என்பது விதி. சாமான் திருட்டும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று வாங்குகிற அன்றே படித்துவிடுங்கள். பதிவுச் சான்றிதழையும் சாவியையும் வண்டியில் விட்டுப் போகாதீர்கள். பாஸ்போர்ட் போயே போய்விட்டதா? காவல் நிலையத்தில் புகார் எழுதி வாங்குங்கள். பாரிஸில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் உலகம் முடிந்துவிடாது.

திருடன் கதையை இத்தோடு மூடிவைப்போம். ஏனென்றால் உங்கள் உயிருக்கு உண்மையான ஆபத்து அவனிடம் இல்லை. அது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆமாம், நீங்கள்தான். இருபது வருடமாக இடப்பக்கம் ஓட்டிப் பழகிய அந்தக் கையும் காலும். "நான் கோயம்பேட்டிலேயே ஓட்டியவன், இங்கே ஓட்ட மாட்டேனா?" என்று மார்தட்டுகிறவரைப் பார்த்தால்தான் எனக்கு உள்ளபடியே நடுக்கம். கோயம்பேட்டில் ஓட்டிய திறமை அங்கே உதவும்தான், ஆனால் அதே பழக்கம் அங்கே எதிராகவும் வேலை செய்யும். இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வலக்கையால் தட்டுவீர்கள். மழையில்லாத வெயிலில் வைப்பர் ஆடும். நம்மூரில் ஓடும் பல கார்களில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம், ஐரோப்பியக் காரில் இடக்கைப் பக்கம். கியர் போடக் கை போனால் கதவில் இடிக்கும். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்ததும் வண்டியின் அகலம் குழப்பும். கார் தன்னையறியாமல் வலப்பக்கம் ஒதுங்கும். அங்கே நிறுத்தியிருக்கும் வண்டியின் கண்ணாடியில் உங்கள் வலக் கண்ணாடி உரசும்போதுதான் நிலைமை புரியும்.

அந்த நேரத்தில் முகம் சிவக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சிரிப்பான். நாற்பத்தைந்து வயதில் மறுபடியும் 'எல்' போர்டு மாட்டிய மாதிரி இருக்கும். இந்த இடத்தில்தான் தன்னம்பிக்கைக்கே பரீட்சை. எல்லாம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள எவனாலும் முடியும். தெரிந்ததையே முதலிலிருந்து கற்கிறேன் என்று உட்காருவதற்கு நெஞ்சில் உரம் வேண்டும். அந்த உரம் உங்களிடம் இருந்தால் ஐரோப்பாவின் எந்தச் சாலையும் உங்களை ஒன்றும் செய்யாது. இல்லையென்றால் காரைத் தொடாதீர்கள், டூர் பஸ்ஸே மேல்.

ஒரே ஒரு விதியை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவரின் இருக்கை எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். நம்மூரில் வலப்பக்கம் உட்கார்ந்து இடப்பக்கம் ஓட்டுகிறோம், நடுக்கோடு உங்களை ஒட்டி இருக்கிறது. அங்கே இடப்பக்கம் உட்கார்ந்து வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அப்போதும் நடுக்கோடு உங்களை ஒட்டித்தான். குழப்பம் வரும்போதெல்லாம் கேளுங்கள்: நடுக்கோடு என் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? அங்கே சாலையோரப் புல் தெரிந்தால் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

இந்தக் குழப்பம் நெரிசலில் வராது. முன்னால் போகிற வண்டியைப் பின்தொடர்ந்தால் போதும். காலை முதல் முறை கிளம்பும்போதும், பங்கில் டீசல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும், ஆள் அரவமே இல்லாத கிராமத்துச் சாலையிலும்தான் பழைய புத்தி தலைதூக்கும். காலியான சாலைதான் அங்கே ஆபத்தான சாலை. அப்போது பக்கத்தில் இருப்பவர் "வலப்பக்கம்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும். இதில் கௌரவம் பார்க்காதீர்கள். மனைவி சொன்னால் கோபம் வருகிறவர் மகனைச் சொல்லச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு இடம் வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே பல ஊர்களில் பெரிய கடைகள் மூடியிருக்கும். வெளியே மைதானம் போலப் பார்க்கிங் காலியாகக் கிடக்கும். அங்கே அரை மணி நேரம் வட்டமடியுங்கள். பின்னால் எடுங்கள், கோடுகளுக்கு நடுவே நிறுத்துங்கள், கண்ணாடிகளைச் சரிசெய்யுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கியர் வண்டிதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்த கையோடு சாவியை வாங்கி நெடுஞ்சாலையில் ஏறுவது வீரமல்ல. ஒரு ராத்திரி தூங்குங்கள். மறுநாள் எடுங்கள்.

லீஸ் காரில் எண்ணெய் கொஞ்சமாகத்தான் இருக்கும். முதல் வேலையே பங்க் தேடுவது. பெட்ரோல் குழாயில் வட்டக் குறி, டீசல் குழாயில் சதுரக் குறி என்று ஐரோப்பாவில் 2018-லிருந்து ஒரே முறை. எண்ணெய்த் தொட்டி மூடியின் உள்பக்கமும் அதே குறி ஒட்டியிருக்கும். இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் பிடியை அழுத்துங்கள். மாற்றிப் போட்டு இன்ஜின் கெட்டால் இன்சூரன்ஸ் பொதுவாகக் கைவிரித்துவிடும்.

அடுத்தது ரவுண்டானா. பிரான்சில் தடுக்கி விழுந்தால் ரவுண்டானா. நம்மூரில் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுவோம். அங்கே எதிர்த்திசை. உள்ளே நுழையும் முன் இடப்பக்கம் பாருங்கள். வட்டத்துக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முதல் உரிமை, நீங்கள் நின்று வழிவிட வேண்டும். இறங்கும் வழியைத் தவறவிட்டால் பதறாதீர்கள், இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். விதிவிலக்காக ஒன்று இருக்கிறது. பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றிப் பன்னிரண்டு சாலைகள் வந்து சேரும் பெரு வட்டம். அங்கே உள்ளே நுழைகிறவருக்கு முன்னுரிமை, சுற்றிக்கொண்டிருப்பவர் நிற்க வேண்டும். அது உள்ளூர்க்காரர்களே வியர்க்கும் இடம். நீங்கள் அங்கே ஓட்டிப் பேர் வாங்க வேண்டிய அவசியமில்லை. பாரிஸைப் பார்க்க மெட்ரோ இருக்கிறது. காரை நகரைவிட்டுக் கிளம்பும் நாளில் எடுத்தால் போதும்.

சின்ன ஊர்களில் இன்னொரு பொறி. அடையாளப் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே வழி. சந்து குறுகியதாக இருக்கும், நீங்கள் வருவது அகலமான தெருவாக இருக்கும். இருந்தாலும் அவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருவார், சட்டம் அவர் பக்கம். சாலையோரம் வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் வைரப் பலகை தெரிந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதன் குறுக்கே கறுப்புக் கோடு விழுந்தால் அந்த உரிமை முடிந்தது. எனக்குத் தெரிந்து இந்த ஒன்றைப் படிக்காமல் போகிறவர்களே அதிகம். போவதற்கு முன் இதைப் படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வேகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் 50, பாரிஸ் தெருக்களில் பெரும்பாலும் 30. நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் 2018 ஜூலையிலிருந்து பொதுவாக 80. நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. கைபேசியைக் கையில் பிடித்து ஓட்டினால் 135 யூரோ தண்டம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பின்சீட்டில், அவர்களுக்கான இருக்கையில். இத்தாலிக்குப் போனால் ஃபுளோரன்ஸ் போன்ற பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். எல்லையில் கேமரா இருக்கும், போலீஸ் இருக்காது. அபராதம் மாதங்கள் கழித்துச் சென்னை வீட்டுக் கதவைத் தட்டும். நகருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள், அந்த நகரங்கள் நடந்து பார்க்கவே பிறந்தவை.

இவ்வளவு விதியா என்று மலைத்துவிட்டீர்களா? அப்படியென்றால் பெர்தா பென்ஸின் கதையைக் கேளுங்கள்.

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரியில் காப்புரிமை கோரினார். வண்டி இருந்தது, வாங்க ஆளில்லை. நெடுந்தூரம் ஓடும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. அவருக்கே அதை நிரூபிக்கும் துணிச்சல் வரவில்லை. 1888 ஆகஸ்டில் ஒரு நாள் விடியலில், கணவர் தூங்கிக்கொண்டிருக்கையில், அவர் மனைவி பெர்தா, பதினைந்து, பதின்மூன்று வயதுள்ள தன் இரண்டு மகன்களோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு. நூறு கிலோமீட்டருக்கும் மேல். அதுவரை உலகில் யாரும் மோட்டார் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை.

அன்று காருக்கென்று சாலை விதி கிடையாது, பங்க்கும் கிடையாது. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்குப் போய், கறை நீக்கப் பயன்படும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்துபோனது. காலுறைப் பட்டியைச் சுற்றிக் கட்டினார். மரத்தடை தேய்ந்து பிரேக் பிடிக்கவில்லை. வழியில் செருப்புத் தைக்கும் தொழிலாளியைப் பிடித்து அதன்மேல் தோல் அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டி ஏற மறுத்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பொழுது சாய்ந்தபின் ஊர் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். திரும்பி வந்ததும், மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் கறாராகச் சொன்னார். உலகின் முதல் சாலைச் சோதனை அறிக்கை அதுதான் என்பேன்.

அவரிடம் பயம் இல்லாமலா இருந்திருக்கும்? இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன தாய் அவர். ஆனால் அந்த இன்ஜினின் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். வண்டி வழியில் நின்றபோதெல்லாம் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால்தான் ஊசியும் காலுறைப் பட்டியும் கருவிகளாயின. நம்மூர்ப் பெண்கள் இதை இன்னொரு முறை படிக்க வேண்டும். "நீ ஓட்ட வேண்டாம், அவர் ஓட்டட்டும்" என்று பின்சீட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் சொல்லுங்கள்: உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்தைக் கிளப்பியதே ஒரு பெண். லீஸ் பத்திரத்தில் இரண்டாவது ஓட்டுநராக உங்கள் பெயரும் ஏறட்டும். நீண்ட பயணத்தில் ஒருவரே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதைவிட இருவர் மாறிமாறி ஓட்டுவதே பாதுகாப்பு.

மான்ஹைமிலிருந்து அவர் போன பாதை இன்று அவர் பெயரில் அடையாளப் பலகைகளோடு இருக்கிறது. சிவப்பு பிளேட் காரில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டினால் போய்விடலாம்.

அவர் காலத்தில் இல்லாத ஒரு துணை உங்களுக்கு இருக்கிறது. 112 என்ற எண். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அதே எண், இலவசம். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? இதை ஒருமுறை வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். அபாய விளக்கைப் போட்டு வலப்பக்க ஓரத்துக்கு ஒதுக்குங்கள். இறங்கும் முன்பே பளிச்சிடும் மேல்சட்டையை மாட்டுங்கள். அந்தச் சட்டை டிக்கியில் இருக்கக் கூடாது, உள்ளே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது பிரெஞ்சு விதி. காரணமும் நியாயமானது: சட்டையை எடுக்கவே 130-ல் பாயும் வண்டிகளுக்கு நடுவே இறங்குவது முட்டாள்தனம். எல்லோரும் சாலைக்கு எதிர்ப்பக்கக் கதவு வழியாக இறங்கி இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். யாரும் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். பாட்டிக்கு முட்டி வலித்தாலும் சரி. ஓரத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசி இருக்கும். அதை எடுத்துப் பேசினால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்கே தெரிந்துவிடும். இழுத்துப் போக வருகிறவரும் அரசு அனுமதி பெற்றவராகத்தான் இருக்க முடியும். வழியே போகிற யாரோ ஒருவர் கயிற்றோடு வந்து உதவ முன்வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இடித்துவிட்டால்? இங்கேதான் நம்மவருக்குக் கால் நடுங்கும். நம்மூரில் இடித்தால் கூட்டம் கூடும், குரல் உயரும், நூறோ ஆயிரமோ கைமாறும். அங்கே எதிர்க் காரை ஓட்டியவர் இறங்கி வருவார், ஒரு படிவத்தை எடுத்து பானெட் மேல் வைப்பார். ஐரோப்பா முழுக்க ஒரே அச்சில் இருக்கும் விபத்து அறிக்கை அது. உங்கள் காரின் முன்பலகைப் பெட்டியிலும் ஒன்று இருக்க வேண்டும், சாவி வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். நடுவில் கட்டங்கள்: நின்றிருந்தேன், திரும்பினேன், பாதை மாறினேன் என்று நடந்ததற்கு நேராகக் குறியிட வேண்டும். கீழே படம் வரைய இடம் இருக்கும். இருவரும் கையெழுத்திட்டால் யார் மேல் தப்பு என்பது அதை வைத்தே முடிவாகும். ஆகவே அவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும், புரியாத மொழியில் நிரப்பியதில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டங்களின் வரிசை எல்லா மொழியிலும் ஒன்றுதான். ஆங்கிலப் படிவத்தை முன்பே எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உடன்பாடு இல்லையென்றால் குறிப்புக்கான இடத்தில் அதை எழுதுங்கள். இரண்டு காரையும் சாலையையும் நம்பர் பிளேட்டையும் படம் எடுங்கள். ஐந்து வேலை நாளுக்குள் இன்சூரன்ஸ்காரர்களுக்கு அனுப்புங்கள். அடிபட்டிருந்தால் படிவம் அப்புறம், முதலில் 112.

குரலை உயர்த்தாமல், கையெழுத்தை அவசரப்படுத்தாமல், நடுங்கும் கையோடு அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படிக்கிற மனிதரை நான் மதிக்கிறேன். மேடையில் ஏறி முழங்குகிறவரைவிடப் பத்து மடங்கு மதிக்கிறேன்.

பணம் இருந்தால்தானே இதெல்லாம் என்று கேட்பீர்கள். லீஸ் மலிவு என்று நான் பொய் சொல்லமாட்டேன். மூன்று வாரத்துக்குக் குறைவாகப் போகிறவருக்குச் சாதாரண வாடகைக் காரே சரி. நெடுஞ்சாலைச் சுங்கமும் கையைக் கடிக்கும். பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13 சாலையில் டோல்கேட்டே இல்லை. கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும், நீங்கள் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். நிறுத்தி வாங்காததால் இலவசம் என்று நினைத்தவர்கள் அபராதம் கட்டியிருக்கிறார்கள். நான்கு பேர் குடும்பம் ஒரு மாதம் ரயிலிலும் டாக்சியிலும் அலையும் செலவோடு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைச் செய்யுங்கள். ஆனால் முடிவு கணக்கிலிருந்து வரட்டும், மாமாவின் பூதத்திலிருந்து வேண்டாம்.

ஐரோப்பா போகிற வசதி இந்த வருடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்களை இன்று நிறுத்தி வைத்திருக்கும் பயம் வேறெதுவாகவும் இருக்கலாம். அதையும் இப்படியே பிரித்துப் போடுங்கள். திருடன் என்று பயந்தது கண்ணுக்குத் தெரிகிற ஒரு பையாகச் சுருங்கிப்போனது. விபத்து என்று பயந்தது ஒரு படிவமாக மாறியது. உங்கள் பயத்துக்குள்ளும் இப்படி எடுத்துக் கையாளக் கூடிய ஏதோ ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடிக்காமல் "எனக்குச் சரிப்படாது" என்று சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

போகிறவர்களுக்கு முதல் வேலை இங்கேயே இருக்கிறது. உங்களுக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 4ஏ, கட்டணம் ஆயிரம் ரூபாய். அனுமதி ஒரு வருடம் செல்லும். அதற்குள் லைசென்ஸே காலாவதியானால் அதுவும் அன்றோடு சரி, அதனால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். மூல லைசென்ஸ் கையில் இல்லாமல் இந்த அனுமதி மட்டும் எங்கேயும் செல்லாது, இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை கூட்டம் அதிகமாக இருக்கும், கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள்.